தம்பி பதினோராம் வகுப்பில் பள்ளியை விட்டுவிட்டான், மாற்றுக் கல்வியில் சேர்த்தால் தேறுவானா?

எழுதியது: அக்காக்காரி

எல்லோருக்கும் வணக்கம். இங்கே ரொம்ப நாளாகப் படிக்கிறேன், எழுதுவது முதல் தடவை. நீளமாகப் போனால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

தம்பிக்குப் பதினேழு முடியப் போகிறது. பதினோராம் வகுப்பு அரையாண்டுத் தேர்வோடு பள்ளிக்குப் போவதை நிறுத்திவிட்டான். ஒரே நாளில் நின்றுவிடவில்லை. முதலில் திங்கள்கிழமை என்றால் வயிற்றுவலி, அப்புறம் வாரத்தில் இரண்டு நாள் மட்டம், அப்புறம் பையை மாட்டிக்கொண்டு கிளம்பி எங்கேயோ சுற்றிவிட்டுச் சரியாகப் பள்ளி விடும் நேரத்துக்கு வீடு திரும்புவது. எங்களுக்குத் தெரிய வந்தபோது இரண்டு மாதம் ஓடியிருந்தது. அதுவரை பள்ளியிலிருந்து ஒரு போன் இல்லை. (அதைப் பற்றி எழுத ஆரம்பித்தால் நிறுத்த மாட்டேன், விடுங்கள்.)

இப்போது சைக்கிளில் பார்சல் கொண்டுபோய்க் கொடுக்கிற வேலைக்குப் போகிறான். சோம்பேறி இல்லை, காலையில் யாரும் எழுப்ப வேண்டியதில்லை. ராத்திரி வந்ததும் ஒரு குட்டி நோட்டை எடுத்து அன்றைக்கு எத்தனை நடை, ஒரு நடைக்குச் சராசரி எவ்வளவு, பிரேக் கட்டை டியூப் செலவு போக மிச்சம் எவ்வளவு என்று எழுதி வைக்கிறான். கால்குலேட்டர் கிடையாது, எல்லாம் மனக்கணக்கு. ஆனால் படிப்பு என்று வாயைத் திறந்தால் போதும், "எனக்கு மண்டையில ஏறாதுக்கா, ஆளை விடு" என்று எழுந்து போய்விடுவான்.

போன வருஷம் நானே ஒரு ஆன்லைன் கோர்ஸில் பணம் கட்டிச் சேர்த்துவிட்டேன். மூன்று வாரம் பார்த்தான். பதினோராவது வீடியோ பாதியில் நிற்கிறது, இன்றைக்கும் அங்கேயேதான் நிற்கிறது.

அப்பா "மறுபடியும் பள்ளிக்கே போ" என்கிறார். இவனோ தன்னைவிடச் சின்னப் பிள்ளைகளோடு உட்கார மாட்டேன் என்கிறான். மாலை நேர மையம், திறந்தநிலைப் பள்ளி, தொழிற்பயிற்சி என்று ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். எதில் ஆரம்பிப்பது? அப்படி வாங்குகிற சான்றிதழை நாலு பேர் மதிப்பார்களா? எல்லாவற்றுக்கும் மேலே, அவனைச் சம்மதிக்க வைப்பது எப்படி? பட்டவர்கள் யாராவது சொல்லுங்கள்.

எழுதியது: மாலைவகுப்பு

தங்கச்சி, எந்த ஊர், எந்த நாடு என்று நீங்கள் எழுதவில்லை, அதனால் பொதுவாகவே சொல்கிறேன். பள்ளியைப் பாதியில் விட்டவர்கள் வந்து படிக்கிற மாலை மையத்தில் பதினாலு வருஷமாகக் கணக்குச் சொல்லித்தருகிறேன். உங்கள் தம்பி மாதிரிப் பையன்கள்தான் எங்களிடம் அதிகம்.

மண்டையில் ஏறாது என்று சொல்கிறானே, அதை அப்படியே நம்பிவிடாதீர்கள், அதற்காக அவனோடு மல்லுக்கட்டவும் வேண்டாம். போன வருஷம் வந்த ஒரு பையனிடம் 3/4 + 1/2 என்று எழுதிக் காட்டினேன். கொஞ்சமும் யோசிக்காமல் மேலே இருப்பதை மேலே, கீழே இருப்பதைக் கீழே கூட்டி 4/6 என்று எழுதினான். எழுதிவிட்டு என் முகத்தைப் பார்த்தான், தப்பு என்று அவனுக்கே தெரியும், எங்கே தப்பு என்றுதான் தெரியாது. தாளை ஓரமாக வைத்துவிட்டு, "முக்காலும் அரையும் சேர்ந்தால் எவ்வளவுடா?" என்று கேட்டேன். "ஒன்றேகால்." நான் கேட்டு முடிக்கும் முன்னாலேயே பதில் வந்துவிட்டது. இரண்டும் ஒரே கணக்கு என்று அவனுக்குப் பத்து வருஷப் பள்ளிப் படிப்பில் யாரும் சொன்னதில்லை.

இது ஏதோ ஒரு பையனுக்கு அதிசயமாக நடந்தது இல்லை. பிரேசிலில் ரெசிஃபே நகரத்துத் தெருவில் வியாபாரம் செய்த ஐந்து பிள்ளைகளை வைத்து ஒரு ஆய்வு செய்தார்கள், 1985-இல் வெளிவந்தது. வியாபாரத்துக்கு நடுவில் கேட்ட கணக்குகளில் 98 சதவீதம் சரியாகச் சொன்னார்கள். அதே எண்களை வைத்துப் பள்ளிக்கூடப் பாணியில் வெறும் கணக்காகத் தாளில் கொடுத்தபோது 37 சதவீதம்தான் சரி. ஆள் அதேதான், மூளை அதேதான். உங்கள் தம்பியின் நோட்டைப் பற்றிப் படித்ததும் எனக்கு அதுதான் ஞாபகம் வந்தது.

அதனால் என்ன செய்யலாம் என்றால், எங்கே சேர்ப்பது என்பதற்கு முன்னால் எங்கே அறுந்தது என்று பாருங்கள். பதினொன்றில் நின்றான் என்பதால் பதினொன்றில்தான் பிரச்சினை என்று இல்லை. எனக்குத் தெரிந்து பெரும்பாலும் ஆறாவது ஏழாவதிலேயே ஏதோ ஒன்று கைநழுவியிருக்கும், பின்னம், குறை எண்கள், இல்லை ஒரு நீளமான பத்தியை வாசித்துப் புரிந்துகொள்வது. அதற்கப்புறம் நாலைந்து வருஷம் மனப்பாடத்தை வைத்து ஒப்பேற்றியிருப்பான். பதினொன்றில் பாடம் கனமானதும் அந்தப் பூச்சு உதிர்ந்துவிடும். மறுபடியும் பதினோராம் வகுப்புப் புத்தகத்தையே கையில் கொடுத்தால் மறுபடியும் அதே இடத்தில்தான் விழுவான். அந்த ஆன்லைன் கோர்ஸ் பாதியில் நின்றதற்கும் இதுதான் காரணம் என்று நினைக்கிறேன், வீடியோவிடம் "சார், எனக்கு அதுக்கு முன்னாடி உள்ளதே தெரியாது" என்று சொல்ல முடியாதே.

நல்ல மையம் என்றால் முதல் வாரத்திலேயே இதைக் கண்டுபிடித்துவிடுவார்கள், ஆனால் தேர்வு என்ற பெயரில் வைக்க மாட்டார்கள். பேச்சு கொடுத்துக்கொண்டே நாலு கணக்கு, ஒரு பத்தி, அவ்வளவுதான். வந்த அன்றைக்கே மூன்று மணி நேரத் தேர்வு வைத்து மார்க்கைக் கையில் கொடுக்கிற இடமாக இருந்தால் அடுத்த நாள் பாதிப் பேர் வர மாட்டார்கள்.

இன்னொன்று. ஒரு பையன் ஒரு நாள் வரவில்லை என்றால் அன்றைக்குச் சாயங்காலமே யார் அவனுக்குப் போன் பண்ணுவார்கள் என்று மையத்தில் கேளுங்கள். "நாங்கள் மாதக் கடைசியில் வருகைப்பதிவு பார்ப்போம்" என்றால் வேறு இடம் தேடுங்கள். உங்கள் வீட்டில் இரண்டு மாதம் எப்படி ஓடியது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். ஒரு நாள் வராதவனைக் கூப்பிடுவது சுலபம், இரண்டு வாரம் வராதவன் போனையே எடுக்க மாட்டான்.

எழுதியது: பாதியில்_இறங்கியவன்

அக்கா, நான் உங்கள் தம்பி இடத்தில் இருந்தவன். பதினாறு வயதில் விட்டேன், இருபத்தொன்றில் திரும்பி வந்து பரீட்சை எழுதினேன், அப்புறம் டிப்ளமோ. இப்போது லிஃப்ட் பராமரிப்பு வேலையில் இருக்கிறேன்.

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். அந்த ஆன்லைன் கோர்ஸில் "நானே சேர்த்துவிட்டேன்" என்று எழுதியிருக்கிறீர்கள் பாருங்கள், கோளாறு அங்கேதான். எங்கள் வீட்டிலும் அண்ணன் இரண்டு தடவை என்னைச் சேர்த்துவிட்டான். பணம் அவனுடையது, பாஸ்வேர்டு அவனுடையது, தினமும் ராத்திரி "இன்னிக்கு பார்த்தியா?" என்கிற விசாரணையும் அவனுடையது. விட்டபோது எனக்கு ஒரு நஷ்டமும் தெரியவில்லை, அவன் படிப்பை அவனிடமே திருப்பிக் கொடுத்த மாதிரிதான் இருந்தது. மூன்றாவது தடவை நானே போய்ப் பேர் கொடுத்தேன், படிவத்தை என் கோணல் எழுத்திலேயே நிரப்பினேன். பேர் எழுத வேண்டிய கட்டத்தில் அப்பா பேரை எழுதி அடித்துத் திருத்தியிருந்தேன், அதை அப்படியே வாங்கிக்கொண்டார்கள்.

நான் அங்கே நிலைத்ததற்குக் காரணம் பாடம் இல்லை, கேட்டால் சிரிப்பீர்கள், ஒரு சாவி. வகுப்பு ஏழு மணிக்கு. இரண்டாவது வாரமே அங்கே இருந்த டீச்சர் அறைச் சாவியை என்னிடம் கொடுத்து, "எனக்கு பஸ் லேட்டாகுது, நீ கொஞ்சம் முன்னாடியே வந்து திறந்து வை" என்று சொல்லிவிட்டார். ஒரு நாள் உடம்பு முடியாமல் படுத்திருக்கிறேன், எட்டு பேர் வாசலில் நிற்பார்களே என்று எழுந்து போய்த் திறந்துவிட்டு வந்தேன். அந்த டீச்சருக்கு பஸ் ஒரு நாளும் லேட்டானதில்லை என்று ரொம்ப நாள் கழித்துத்தான் தெரிந்தது.

பள்ளியில் யாரும் எதற்காகவும் என்னை எதிர்பார்த்ததே கிடையாது. வந்தாலும் ஒன்றுதான், வராவிட்டாலும் ஒன்றுதான்.

சின்னப் பிள்ளைகளோடு உட்கார மாட்டேன் என்கிறானே, அதில் அவன் சொல்வதுதான் நியாயம். அதை மட்டும் வற்புறுத்தாதீர்கள். என் வகுப்பில் முப்பத்தைந்து வயது அம்மா ஒருவர், லாரி ஓட்டுகிறவர் ஒருவர், என் வயதில் நாலு பேர். அந்த அம்மா முதல் நாளே "எனக்கு பெருக்கல் வாய்ப்பாடு ஏழுக்கு மேல வராது" என்று சத்தமாகச் சொன்னார். எனக்கும் வராது, ஆனால் நான் சொல்லவில்லை. அன்றைக்கு எனக்கு எவ்வளவு நிம்மதியாக இருந்தது என்று இப்போது எழுதும்போதுகூட...

சரி, நடைமுறைக்கு ஒன்று. வேலையை விடச் சொல்லாதீர்கள். கையில் சம்பாத்தியம் இருக்கிற பையனிடம் அதை விட்டுவிட்டுப் படி என்றால் படிப்பு தண்டனையாகத்தான் தெரியும். வாரத்துக்கு மூன்று சாயங்காலம் போதும், நான் அப்படித்தான் முடித்தேன், ஒன்றரை வருஷம் பிடித்தது.

எழுதியது: கறாரானவன்

மேலே இரண்டு பேரும் நன்றாகச் சொல்லியிருக்கிறார்கள். நான் கொஞ்சம் கறாராகப் பேசுகிறேன்.

சான்றிதழை மதிப்பார்களா என்று கேட்டிருக்கிறீர்கள். அதைப் பொத்தாம்பொதுவாகக் கேட்டால் விடை கிடைக்காது. தலைகீழாகப் போங்கள். அவனுக்கு அடுத்து என்ன வேண்டும், பாலிடெக்னிக்கா, ஓட்டுநர் வேலையா, கல்லூரியா? அந்த இடத்துச் சேர்க்கை அலுவலகத்துக்கே போய் "இந்தச் சான்றிதழை ஏற்பீர்களா" என்று எழுத்தில் வாங்குங்கள். படிப்பை விற்கிறவனிடம் கேட்டால் உலகமே ஏற்கும் என்றுதான் சொல்வான். "தேர்ச்சி நிச்சயம்", "ஆறே மாதத்தில் கையில் சான்றிதழ்" என்று போர்டு வைத்திருக்கிற இடத்துக்குப் படியேறவே வேண்டாம். தேர்வை நடத்துகிற அமைப்பு எது, அதற்கு அரசு அங்கீகாரம் உண்டா, இந்த மையத்தின் பெயர் அந்த அமைப்பின் பட்டியலில் இருக்கிறதா, இதைப் பார்க்காமல் ஒரு பைசா கட்டாதீர்கள். என் உறவுக்காரப் பெண் ஒருத்தி இரண்டு வருஷம் படித்து வாங்கிய தாளை ஒரு கல்லூரி வாசலிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டார்கள்.

அமைப்புக்கு அமைப்பு நிறைய வித்தியாசம் உண்டு. அமெரிக்காவில் பள்ளிச் சான்றிதழுக்குப் பதிலாக ஜிஇடி என்ற தேர்வு இருக்கிறது, 1942-இல் பள்ளிப் படிப்பை முடிக்காமல் படைக்குப் போனவர்களுக்காக உருவாக்கினது. இன்றைக்குக் கணக்கு, மொழி, அறிவியல், சமூக அறிவியல் என்று நாலு தாள், ஒவ்வொன்றிலும் 145 எடுத்தால் தேர்ச்சி. இந்தியாவில் 1989-இல் வந்த தேசிய திறந்தநிலைப் பள்ளி வேறு மாதிரி. பாடம் பாடமாகத் தனித்தனியே முடிக்கலாம் என்பது இரண்டிலும் உண்டு, ஆனால் இங்கே பதிவு ஐந்து வருஷம் செல்லும், அதற்குள் ஒன்பது வாய்ப்பு. உங்கள் தம்பி மாதிரி வேலைக்குப் போகிறவனுக்கு இப்படித் தனித்தனியே எழுதுவதுதான் தோது, எந்த நாட்டில் இருந்தாலும் இப்படிப் பாடம் பாடமாக எழுதவிடுகிற ஏற்பாடு இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள். எல்லாவற்றையும் ஒரே மூச்சில் எழுதச் சொன்னால் மலைத்துப்போவான். கணக்கை மட்டும் முதலில் எழுதட்டும், அது அவன் பலம்.

ஆனால் தேர்வு பாஸானால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் நினைக்காதீர்கள். 2000-இல் பொருளாதார நோபல் வாங்கிய ஜேம்ஸ் ஹெக்மன் இந்த ஜிஇடி எழுதியவர்களை வருஷக்கணக்காக ஆராய்ந்தார். அறிவுத் தேர்வுகளில் அவர்கள் பள்ளியை முடித்து, கல்லூரிக்குப் போகாமல் நின்றவர்களுக்குச் சமமாகவே இருந்தார்கள். வேலையில், வருமானத்தில் பார்த்தால் பள்ளியை விட்டவர்களுக்குப் பக்கத்தில்தான் நின்றார்கள். ஆரம்பித்ததை முடிப்பது, தினமும் வந்து சேர்வது, இதெல்லாம் அந்தத் தேர்வு அளக்காத சங்கதிகள். ஆகவே, குறுக்குவழியில் தாளை மட்டும் வாங்கிக் கொடுக்கிற இடத்தைவிட அந்தச் சாவி கொடுத்த டீச்சர் மாதிரி ஒருவர் இருக்கிற இடம் மேல். (இதை ஒத்துக்கொள்வதற்கு எனக்குக் கொஞ்சம் கஷ்டமாகத்தான் இருக்கிறது, நான் சான்றிதழ் கட்சி.)

தொழிற்பயிற்சியைத் தள்ளிவிடாதீர்கள். டென்மார்க்கில் 1970-களின் கடைசியிலிருந்து உற்பத்திப் பள்ளி என்று நடத்தினார்கள், 2019-இல் அவற்றை வேறு ஏற்பாட்டோடு இணைத்துவிட்டார்கள். அங்கே பட்டறைதான் வகுப்பு. பிள்ளைகள் செய்கிற மேசையோ, சமைக்கிற சாப்பாடோ உண்மையாகவே விற்பனைக்குப் போகும், அளவு தப்பினால் வாங்குகிறவன் திருப்பி அனுப்புவான். கணக்கும் எழுத்தும் அந்த வேலைக்குள்ளேயே வரும். அதே சமயம் மாற்றுக் கல்வி என்ற பெயரில், பள்ளிகள் தங்கள் தேர்ச்சி விகிதம் கெடாமல் இருக்கப் பிள்ளைகளைக் கழித்துத் தள்ளுகிற இடங்களும் உண்டு. அங்கே போய் ஒரு அரை மணி நேரம் உட்கார்ந்து பார்த்தாலே தெரிந்துவிடும், யாராவது எதையாவது சொல்லித்தருகிறார்களா, இல்லை அமைதியாக இருந்தால் போதும் என்று உட்கார வைத்திருக்கிறார்களா என்று.

எழுதியது: மழைக்கால_அம்மா

சுருக்கமாக ஒன்று. கண்ணையும் வாசிப்பையும் ஒரு தடவை சோதித்துவிடுங்கள். என் மகள் பத்தாவதில் வாசிக்கும்போதெல்லாம் வரிக்கு அடியில் ஸ்கேலை வைத்துக்கொள்வாள். ஒழுங்கான பிள்ளை, சுத்தமாகப் படிக்கிறாள் என்று நாங்கள் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தோம். ஸ்கேலை எடுத்தால் வரி தப்பிவிடும் என்பதற்காக வைத்திருக்கிறாள், பிறகு பார்த்தால் டிஸ்லெக்சியா, அதாவது வாசிப்பதில் வருகிற சிரமம். அதற்குள் பள்ளியை விட்டிருந்தாள். சான்று வாங்கி வைத்தால் பல தேர்வு அமைப்புகளில் கூடுதல் நேரம் கொடுப்பார்கள், ஆனால் முன்கூட்டியே விண்ணப்பிக்க வேண்டும், தேர்வு அன்றைக்குப் போய்க் கேட்டால் கிடைக்காது.

திங்கள்கிழமை வயிற்றுவலியையும் மறந்துவிடாதீர்கள். பள்ளியில் யாராவது அவனை வம்புக்கு இழுத்தார்களா என்று எப்போதாவது கேட்டீர்களா? நேருக்கு நேர் உட்கார வைத்துக் கேட்டால் சொல்ல மாட்டார்கள். எங்காவது சேர்ந்து நடந்து போகும்போது கேளுங்கள்.

எழுதியது: அக்காக்காரி

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. பாதியில்_இறங்கியவன் தம்பி, கோபமெல்லாம் இல்லை, சுருக்கென்றுதான் இருந்தது. அந்தக் கோர்ஸின் பாஸ்வேர்டு என் பிறந்த தேதி!

ஒரு வாரம் படிப்பு என்ற வார்த்தையே எடுக்கவில்லை. நேற்று ராத்திரி அவன் நோட்டோடு உட்கார்ந்திருந்தபோது மாலைவகுப்பு சார் சொன்ன மாதிரியே முக்காலும் அரையும் எவ்வளவு என்று கேட்டேன். "ஒன்றேகால், ஏன்?" என்றான். அப்புறம் 3/4 + 1/2 என்று எழுதிக் கொடுத்தேன். முகம் மாறிவிட்டது, பேனாவைக் கீழே வைத்துவிட்டான். "இதுவும் அதுவும் ஒண்ணுதான்டா" என்றேன். நம்பவில்லை. நோட்டில் ஒரு வட்டம் போட்டு நாலாகப் பிரித்து, பக்கத்தில் இன்னொரு வட்டம் போட்டு, அவனே எண்ணிப் பார்த்தான். ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை. "இதை ஏன் அங்க இப்படிச் சொல்லல?" என்று மட்டும் கேட்டான்.

இன்றைக்குக் காலையில் கடைக்கு நடந்து போகும்போது மழைக்கால_அம்மா சொன்னதையும் கேட்டேன். பதில் வந்தது, அதை இங்கே எழுத மாட்டேன், அவனுடைய விஷயம். வயிற்றுவலி ஏன் திங்கள்கிழமைகளில் வந்தது என்று இப்போது தெரியும்.

பக்கத்தில் ஒரு மாலை மையம் இருக்கிறது. வாரத்துக்கு மூன்று நாள், எல்லோரும் வேலைக்குப் போகிறவர்கள், பாடம் பாடமாக எழுதலாம். அங்கீகாரப் பட்டியலில் பேர் இருக்கிறது, பார்த்துவிட்டேன். வராத நாளுக்கு யார் போன் பண்ணுவார்கள் என்று கேட்டேன், ஒரு டீச்சர் தன் பேரைச் சொன்னார். தம்பியிடம் இடத்தை மட்டும் சொன்னேன். "கணக்கு மட்டும் எழுதலாமா, மத்தது அப்புறம் பார்த்துக்கலாமா?" என்றான். ஆமாம் என்றேன். வியாழக்கிழமை போய்ப் பார்த்துவிட்டு வருகிறானாம். நானும் கூடப் போகட்டுமா, வேண்டாமா?

எழுதியது: மாலைவகுப்பு

வேண்டாம் தங்கச்சி. சைக்கிள் இருக்கிறதே, அவனே போகட்டும். அந்த நோட்டை எடுத்துப் போகச் சொல்லுங்கள், கணக்கு எடுக்கிறவர் யாராக இருந்தாலும் அதைப் பார்த்தால் போதும். திரும்பி வந்ததும் எப்படி இருந்தது என்று கேட்காமல் இருக்க முடியுமா என்று பாருங்கள், கஷ்டம்தான்.

எழுதியது: பாதியில்_இறங்கியவன்

பாஸ்வேர்டை மாற்றிவிடுங்கள் அக்கா.